ரத்தம் குடுக்க ஹைதராபாத்துக்கு

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். பின்னால நீங்களா கண்டுபிடிச்சுச் சிரிச்சா எனக்கு இன்னும் அவமானமா இருக்கும். எங்க தெருமுனையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப் இருக்கு. செருப்புகூட மாட்டாம போயிட்டு வரலாம். அதை விட்டுட்டு, அதே ரத்தத்தைக் குடுக்கறதுக்கு நான் திருச்சியிலேருந்து ஹைதராபாத் வரைக்கும் போனேன்.

இதுல கேவலம் என்னன்னா, நான் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். "சின்ன மெடிக்கல்தான் சார், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்"னு சொல்லிச் சொல்லியே பாதித் தெருவை அந்த லேப்புல கை நீட்ட வெச்சவன். என் கையை ஒரு தடவைகூட நீட்டினதில்லை. ஏன்னா நான் ஆம்பளைங்களை விரும்புற ஆளு. என் ரத்தத்துல ஒரு சொட்டு எடுத்துப் பாத்தா அது தெரிஞ்சிரும்னு நம்பினேன். சுகருக்கு எடுத்தாலும் தெரிஞ்சிரும், கொழுப்புக்கு எடுத்தாலும் தெரிஞ்சிரும். லேப்புல இருக்கற அம்மா பேப்பரை நீட்டிக்கிட்டே, "கொழுப்பெல்லாம் நார்மல் சார், ஆனா நீங்க..."ன்னு இழுப்பாங்கன்னு பயம். அந்தம்மா என்கிட்ட ரெண்டு பாலிசி போட்டிருக்காங்க. எனக்கு அம்பத்து மூணு வயசு. பி.காம் வேற.

கொஞ்ச நாளா பேண்ட் இடுப்புல நிக்கலை. பெல்ட்டுல ஆணி அடிச்சுப் புது ஓட்டை போட்டேன், அப்புறம் அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. தெருவுல எல்லாரும் ஸ்மார்ட் ஆயிட்டீங்கன்னாங்க. நான் மட்டும் நம்பலை. நான் காலேஜ் படிச்ச காலத்துல பஸ் ஸ்டாண்டு சுவத்துல எலும்புக்கூடு வரைஞ்சு ஒரு நோய் பேரு எழுதியிருப்பாங்களே, அது வந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்படிப் பயப்படறதுக்கு நான் ஒண்ணும் மன்மதன் இல்லை. எப்பவாவது, ஏதோ வெளியூர்ல, அவசரத்துல, பாதி நேரம் கதவு பூட்டியிருக்கான்னு பாத்துக்கிட்டே நடந்ததுதான் என் மொத்த சரித்திரமும்.

ஹைதராபாத்துல எனக்கு ஒருத்தன் இருக்கான். எட்வின். அவன் தாத்தா ஜோலார்பேட்டைக்காரர், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலைக்குச் சேந்தவரு. அப்பாவும் அங்கேயே, எட்வினும் அங்கேயே, இப்ப ரிட்டையர். வாலிபத்துல ட்ரெயினிங்குக்கு எங்க ஊர்ப் பொன்மலைக்கு வந்தப்ப பழக்கம். எங்களுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா, ஒரு மழைக்காலம் இருந்துச்சு. அப்புறம் சிநேகிதம் மட்டும். போன்ல அவன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "எங்க ஊருக்கு வந்துர்றா, நம்ம ஆளுங்களே நடத்தற கிளினிக் ஒண்ணு இருக்கு"ன்னான்.

எங்க அக்காகிட்ட ஏஜென்ட்டுங்க மாநாடுன்னு சொன்னேன். அவளும் நானும்தான் வீட்டுல. அத்தான் இல்லை. அப்பாவுக்கு சுகர் முத்திப்போய்க் கால் எடுத்து, அதுலேருந்து ஆறு மாசத்துல போயிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள இனிப்பு வரக்கூடாதுன்னு அக்கா ஒரு சட்டம் போட்டிருக்கா. தீபாவளிக்குக்கூட எங்க வீட்டுல முறுக்கு மட்டும்தான். வழியில சாப்பிட மிளகு தட்டை கட்டிக் குடுத்தா.

காலையில செகந்திராபாத்துல எறங்கினேன். எட்வின் ஸ்கூட்டரோட நின்னான். தலை முழுக்க வெள்ளை, முதுகு மட்டும் இன்னும் ஒர்க்‌ஷாப் இரும்பு மாதிரி நேரா. என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "கைக்குடா இப்டி வத்திப்போயிட்ட?"ன்னான். அவன் தமிழ் அப்படித்தான். மூணு தலைமுறை அங்க ஊறினது. ஆமான்னு சொல்ல ஹவ், வேண்டாம்னா நக்கோ, ஏன்னு கேக்கக் கைக்கு. சண்டை போடும்போது மட்டும் சுத்தமான ஜோலார்பேட்டை.

அவன் வீட்டுக்குப் போற கொஞ்ச தூரத்துக்குள்ள ரெண்டு தடவை ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். ஒண்ணு தண்ணி குடிக்க, இன்னொண்ணு அதை எறக்க. அந்த ஊரு காத்தே வறட்சின்னு நெனச்சேன். திருச்சி வெயில் வேர்வையில குளிப்பாட்டும், இது நாக்கை மட்டும் தனியா காயப்போடுது.

வீட்டுல யாதகிரி இருந்தாரு. எட்வினோட ஆளு. நாச்சாரத்துல பிளாஸ்டிக் குடம் செய்யற கம்பெனியில சூப்பர்வைசர், நல்கொண்டா பக்கத்துக்காரரு, கட்டுமஸ்தான உடம்பு. இருபது வருஷமா ஒண்ணா இருக்காங்க. அக்கம்பக்கத்துக்கு அவரு பேயிங் கெஸ்ட். இந்த கெஸ்ட்தான் வீட்டுக்கு மோட்டார் போடறதும், மாவரைக்கறதும், எட்வினோட முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சு விடறதும். இருபது வருஷமா கிளம்பாத விருந்தாளியைப் பத்தி அந்தத் தெருவும் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். எங்க தெருவா இருந்தா மூணாம் மாசமே வாடகை எவ்வளவுன்னு விசாரிச்சிருப்பாங்க.

கிளினிக்குக்கு அடுத்த நாள் போகலாம்னு ஏற்பாடு. ஒரு நாள் கையில இருக்கு, அக்கா பக்கத்துல இல்லை, எப்படியும் சாகப்போறோம். மூணையும் கூட்டிப் பாத்தேன், விடை இனிப்புன்னு வந்துச்சு.

இரானி ஓட்டல்ல ஆரம்பிச்சோம். பெரிய கண்ணாடி, மார்பிள் மேஜை, தலைக்கு மேல மெதுவா சுத்தற ஃபேன். அவங்க டீ நம்ம காப்பி மாதிரி நுரை கட்டாது. பாலைத் தனியா சுண்டக் காய்ச்சி, டிகாஷனைத் தனியா மணிக்கணக்கா கொதிக்க விட்டு, குடிக்கறப்பதான் ரெண்டையும் சேக்கறாங்க. ஒரு வாய் குடிச்சா மத்தியான தூக்கத்துல பாதி அதுலயே இருக்கு. உப்பும் இனிப்புமா உஸ்மானியா பிஸ்கட்டை அதுல முக்கினேன். கரைஞ்சு உள்ள விழுந்துருச்சு. அதை எடுக்க இன்னொண்ணை முக்கினேன், அதுவும் விழுந்துச்சு. கடைசியில ஸ்பூன் கேட்டேன்.

அப்புறம் டபுள் கா மீட்டா. பேர்ல டபுள் இருக்கேன்னு ரெண்டு தட்டு சாப்பிட்டேன். ரொட்டியை நெய்யில பொரிச்சு, சக்கரைப் பாகுல ஊறவெச்சு, மேல பாலைச் சுண்டவெச்சு ஊத்தறாங்க. வாயில வெச்சதும் யாரோ மன்னிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. காய்ஞ்ச பழத்துல செய்யற குபானி கா மீட்டாவும் சாப்பிட்டேன். எட்வின் ஒரு கட்டத்துல தட்டை இழுத்து, "நக்கோடா போதும்"னான். கடைசி ஆசைடான்னேன். அவன் தட்டை என் பக்கமே தள்ளிட்டு வெளிய பாத்துக்கிட்டு இருந்தான்.

சாயங்காலம் ஹுசைன் சாகர் ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இந்தப் பயணத்துலயே என்னால மறக்க முடியாதது அதுதான். விளக்கெல்லாம் ஏத்தற நேரம். தண்ணிக்கு நடுவுல புத்தர் நின்னுக்கிட்டு இருந்தாரு. கரையில இருந்த ஒவ்வொரு விளக்கையும் சுத்தி வானவில் மாதிரி ஒரு வளையம். கார் விளக்கு, சோளம் சுடற வண்டியில தொங்கின பல்பு, தூரத்துல படகுல எரியற குட்டி விளக்கு, எல்லாத்துக்கும் ஆளுக்கொரு ஒளிவட்டம், சாமி படத்துல இருக்குமே அந்த மாதிரி. எதுக்கும் ஓரமே இல்லை. புத்தர் எங்க முடியறாரு, ஏரி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. மனுஷங்க நடந்து வரலை, மிதந்து வந்தாங்க. எங்க ஊர்ல காவிரிப் பாலத்துல எத்தனையோ சாயங்காலம் நின்னிருக்கேன், ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்லை. என்ன அழகான ஊருன்னு எட்வின்கிட்ட சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவன் ஏரியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பாத்துட்டு, "நாத்தம் அடிக்கலியாடா உனக்கு?"ன்னான்.

மறுநாள் எட்வினுக்குக் காலையில சர்ச்ல ஏதோ வேலை. முடிச்சுட்டு நேரா கிளினிக் வாசலுக்கு வந்துடறேன்னு சொல்லி, எனக்கு பஸ் நம்பரும் எறங்கற இடமும் சொல்லிக் குடுத்துட்டுப் போனான். பஸ் வந்துச்சு. நெத்தியில நம்பர் இருந்துச்சு. மூணு மாதிரியும் இருந்துச்சு, எட்டு மாதிரியும் இருந்துச்சு. கண்ணைக் கசக்கினா ஒன்பது. மூணுன்னே வெச்சுக்கிட்டு ஏறினேன்.

வழி போகப் போக ஊரு மாறுது. பழைய கடைங்க போயி பாலம், பாலம் போயி பெரிய பெரிய பாறை. ஒண்ணு மேல ஒண்ணு, யாரோ விளையாடிட்டு அப்படியே போட்டுட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைங்க. எங்க மலைக்கோட்டை ஒரே பாறை, அதுவும் உச்சியில பிள்ளையார் உக்காந்திருக்கறதால அடக்கமா இருக்கும். இதுங்களுக்குக் கேக்க ஆளில்லை. பாறைக்கு நடுவுல கண்ணாடிக் கட்டடம், கண்ணாடியில மேகம். பஸ் தப்புன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. எறங்கலை. எறங்கினா கிளினிக்குக்குப் போகணுமே. அந்த பஸ்ஸு அப்படியே போயி பம்பாயில நின்னாலும் எனக்கு சம்மதமா இருந்துச்சு.

கச்சிபௌலியில நின்னுச்சு. கழுத்துல அட்டையை மாட்டின புள்ளைங்க ஆத்துத் தண்ணி மாதிரி போய்க்கிட்டே இருக்காங்க. எனக்கு அவசரம். ஒரு கண்ணாடிக் கட்டடத்து வாசல்ல இருந்த செக்யூரிட்டிகிட்ட சுண்டுவிரலைக் காட்டினேன். பாவம்னு உள்ள விட்டாரு. வெளிய வந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணி வாங்கிக் குடிச்சேன். திரும்பவும் அவர்கிட்டப் போய் விரலைக் காட்டினேன். மூணாவது தடவை அவரே கதவைத் தொறந்து விட்டு, எந்த மாடியில வேலை பாக்கறீங்க சார்னு கேட்டாரு.

மரத்தடியில ஒரு சிமெண்டுக் கட்டையில உக்காந்தேன். அங்க தமிழ்க் குரல் கேட்டுச்சு. ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் இருபத்தஞ்சு இருக்கும், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டு டீ குடிக்கறாங்க. மதுரைப் பக்கத்துப் பேச்சு. ஒருத்தன் இன்னொருத்தனை, வருஷாந்திர செக்கப்புக்கு நேத்தே போகச் சொன்னேன்ல, ஏன்டா போகலைன்னு திட்டிக்கிட்டு இருந்தான். மத்தவன் ஊசின்னா பயம்னான். சரி, நான் கூட வர்றேன், கையைப் பிடிச்சுக்கறேன்னு இவன் சொல்லிட்டு, எல்லாரும் போய் வர்ற நடைபாதையிலயே அவன் கையைப் பிடிச்சும் காட்டினான். அவங்க வெறும் சிநேகிதங்களா, வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. என் கண்ணு வேற கலங்கலா இருந்துச்சு. அவங்க போனப்புறமும் அந்தக் கை ரெண்டும் அங்கேயே இருக்கற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தேன். அப்படியே தூங்கியும் போயிட்டேன். பட்டப்பகல்ல, ரோட்டோரத்துல, வாயைத் தொறந்துக்கிட்டு.

எட்வின் போன் பண்ணி எழுப்பினான். எங்கடா இருக்கன்னான். கண்ணாடிக் காட்டுலன்னேன். அப்ப அவன் பேசின தமிழ் சுத்தமான ஜோலார்பேட்டை.

அன்னிக்குச் சாயங்காலம் யாதகிரி ஜொன்ன ரொட்டி தட்டினாரு. நம்ம சோளத்தை மாவாக்கி, கையிலயே தட்டித் தட்டி, நிலா மாதிரி வட்டமா. கூட கத்திரிக்கா. எட்வின் என்மேல கோவமா இருந்ததால மூணு பேரும் பேசாம சாப்பிட்டோம். முடிச்சதும் யாதகிரி அலமாரியிலேருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிச்சாரு. எட்வின் அவர் டம்ளரை வாங்கிக் கழுவப் போனான். எதார்த்தமா, பிரஷரான்னு கேட்டேன்.

யாதகிரி தெலுங்குல சொன்னாரு. எனக்குப் புரிஞ்ச மட்டும் தமிழ்ல சொல்றேன். "இல்லண்ணா. நீங்க எதுக்குப் பயந்து பஸ் மாறிப் போனீங்களோ, அதுக்கு. பதினஞ்சு வருஷமா தினம் ஒண்ணு."

ரெண்டு நாளா அந்த வீட்டுலயே தெம்பா இருக்கற மனுஷன் இவருதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். மாடியில தண்ணி டேங்க்கை ஒத்தை ஆளா நகத்தி வெச்சவரு. அவரு சாவகாசமா விவரம் சொன்னாரு. முதல் ரெண்டு வருஷம் யார்கிட்டயும் காட்டாம ஒளிஞ்சு இருந்ததுல எலும்பும் தோலுமா ஆனது, எட்வின் கையைப் பிடிச்சு அந்தக் கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனது, மாத்திரை ஆரம்பிச்சது. இப்ப ரத்தத்துல தேடினாலும் அந்தக் கிருமி தட்டுப்படாத அளவுக்கு அடங்கியிருக்காம். அதனால எட்வினுக்கும் தொத்தலை, தொத்தாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. என்னைக் கொல்லப் பாத்தது நோய் இல்லண்ணா, அந்த ரெண்டு வருஷம் ஒளிஞ்சிருந்ததுதான்னாரு. சொல்லிட்டு, இன்னொரு ரொட்டி வெக்கவான்னு கேட்டாரு.

மூணாம் நாள் என்னை பஸ்ஸை நம்பி விடலை. ஆட்டோவுல நடுவுல உக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் அவங்க. போலீஸ்காரங்க திருடனைக் கூட்டிட்டுப் போற மாதிரி.

பழைய பஜார்ல ஒரு மெத்தைக் கடைக்கு மேல மாடி. போர்டுல கிளினிக்னு மட்டும் எழுதியிருந்துச்சு. குறுகலான படி. ஏறும்போது பெல்ட்டுப் பிடியிலேருந்து பேண்ட் நழுவுச்சு, ஒரு கையால பேண்ட்டையும் இன்னொரு கையால கைப்பிடியையும் பிடிச்சுக்கிட்டு என் தலைவிதியைப் பாக்கப் போனேன். உள்ள பச்சைக் கண்ணாடி ஜன்னல். எல்லார் மேலயும் பச்சை வெளிச்சம், குளத்துக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி. ரெண்டு திருநங்கைங்க பூண்டு உரிச்சுக்கிட்டே அவங்க முறைக்குக் காத்திருந்தாங்க. மத்தியானச் சமையலுக்காம். ஒரு காலேஜ் பையன் தூங்கிக்கிட்டு இருந்தான். ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுக்கு விசிறிவிட்டுக்கிட்டு இருந்துச்சு. யாரும் யாரையும் ஓரக்கண்ணால பாக்கலை. எந்த ஆஸ்பத்திரியிலயும் நான் அப்படி நிம்மதியா உக்காந்ததே இல்லை.

அங்க ஆலோசனை சொல்றவங்க நஸ்ரீன். திருநங்கை, நாப்பது வயசு இருக்கும், பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய குரல். உருதும் தெலுங்குமா பேசினாங்க, எட்வின் பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னான். வந்ததும் என் விரலைப் பிடிச்சு ஒரு குத்து குத்தினாங்க. நான் பயந்துபோய், அந்த டெஸ்ட்டான்னேன். இல்லை, இது சுகருக்கு, அடுத்து பிரஷருக்குன்னாங்க. நான் அதுக்கு வரலையேன்னேன். அவங்க சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. "இந்தப் படி ஏறுறவங்க வேற எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறமாட்டாங்க பாய். அதனால ஏறினப்பவே பல்லு வரைக்கும் எல்லாத்தையும் பாத்து அனுப்புறது எங்க வழக்கம்."

பஞ்சை அழுத்தி விட்டுட்டு, அந்தச் சின்ன மெஷினைப் பாத்தாங்க. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. அதை எடுத்துட்டுப் போய் உள்ள டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்தாங்க. அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு எதிர்ல உக்காந்தாங்க. மொழிக்காக எட்வினை மட்டும் வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க, சரின்னேன்.

பெரிய டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டாங்க. இருக்குன்னு வந்தா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?

நான் என் தொழிலை ஆரம்பிச்சேன். முதல்ல என் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டன்னேன். சிரிக்கலை. என் பேண்ட்கிட்ட சொல்லுவேன், அதுக்குத்தான் முதல்லயே தெரியும்னேன். அதுக்கும் சிரிக்கலை. எங்க அக்காகிட்ட சொன்னா என்ன ஆகும்னு நடிச்சுக் காட்டினேன். எட்வின் மொழிபெயர்க்கறதை நடுவுல நிறுத்திட்டான். நஸ்ரீன் கையைக் கட்டிக்கிட்டு நான் முடிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க. ஆயிருச்சான்னு கேட்டாங்க.

"ஆயிருச்சு"ன்னேன். "யாரும் இல்லை."

அதை நான் தமிழ்லதான் சொன்னேன். எட்வின் மொழிபெயர்க்கலை, அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எட்வினைக் கை காட்டினாங்க. கதவைக் காட்டினாங்க, அதுக்கு வெளிய யாதகிரி இருந்தாரு. அப்ப இவங்க ரெண்டு பேரும் யாரு, பேயிங் கெஸ்ட்டான்னாங்க. அந்த ஜோக் அங்கேயும் பிரபலம்போல. எட்வின் சிரிச்சான். நான் அழுதேன். அம்பத்து மூணு வருஷத்துல ஒரு ஜோக்குக்கு அழுதது அன்னிக்குத்தான்.

ரத்தம் எடுத்தாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இத்தனை வருஷமா நான் ஊருக்குச் சொன்னது பொய் இல்லை.

கொஞ்ச நேரம் அந்தப் பச்சை வெளிச்சத்துல மிதந்துக்கிட்டு இருந்தேன். பூண்டு உரிச்ச அக்கா எனக்கும் ஒரு கை பூண்டு குடுத்தாங்க, சும்மா உக்காந்திருக்கறதுக்கு உரிங்கன்னு. உரிச்சேன். அப்பதான் உள்ள கூப்பிட்டாங்க.

டாக்டரம்மா சின்ன வயசு. எச்.ஐ.வி இல்லைன்னாங்க. நான் எழுந்து நின்னு அவங்க கையைப் பிடிக்கப் போனேன், பேண்ட் நழுவுச்சு, உக்காந்துட்டேன். நல்லதாப் போச்சு, ஏன்னா அவங்க இன்னும் முடிக்கலை. உங்க சுகர் நானூத்தைத் தாண்டி நிக்குதுன்னாங்க. எத்தனை நாளா தாகம், எத்தனை நாளா அடிக்கடி போறீங்க, எடை எப்பலேருந்து எறங்குதுன்னு கேட்டாங்க. கேக்கக் கேக்கப் பின்னால எட்வின் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தான், ஸ்கூட்டரை நிறுத்தினது, கச்சிபௌலி செக்யூரிட்டி, எல்லாம். வீட்டுல யாருக்காவது இருந்துச்சான்னாங்க. எங்க அப்பா காலைச் சொன்னேன்.

பார்வை எப்படி இருக்குன்னு கேட்டாங்க. பார்வை பிரமாதம்னேன். உங்க ஊர் விளக்கெல்லாம் ஒளிவட்டத்தோட தெரியுது, எதுக்கும் ஓரமே இல்லை, ரெண்டு நாளா கனவுல நடக்கற மாதிரி இருக்குன்னு ஆசையா சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க.

"சார், அது எங்க ஊர் இல்லை. அது உங்க சுகர்."

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா அந்தக் கனவுலேருந்து முழிச்சிருக்க மாட்டீங்கன்னும் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கவே முடியலை. இத்தனை வருஷம் ரத்தத்தைக் காட்டாம ஒளிச்சு வெச்சது எதுக்கு? அதுல இல்லாத ஒண்ணு தெரிஞ்சிருமேன்னு. இருந்தது அப்பா குடுத்துட்டுப் போனது, ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாதது. நஸ்ரீன் என்னைப் பாத்து விரலை நீட்டினாங்க. சிரிக்காத பாய், அது இருந்திருந்தா தினம் ஒரு மாத்திரைன்னு சொல்லி அனுப்பியிருப்பேன், இதுக்கு உன் வாயைக் கட்டணும், அதுதான் கஷ்டம்னாங்க.

அன்னிக்கே பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ட்ரிப்ஸ், இன்சுலின், கொஞ்ச நாள் படுக்கை. அக்காகிட்ட போன்ல மாநாடு நீண்டுபோச்சுன்னு சொன்னேன். நஸ்ரீன் கூடவே வந்து, நர்ஸுங்ககிட்ட என்னை ஒப்படைச்சுட்டு, இவரு ஜோக் அடிச்சா வலின்னு அர்த்தம்னு சொல்லிட்டுப் போனாங்க. ராத்திரி கூட யாரு இருப்பீங்கன்னு நர்ஸ் கேட்டதுக்கு எட்வின் தன்னை என் அண்ணன்னு சொன்னான். அப்ப அவருன்னு யாதகிரியைக் காட்டினாங்க. பழக்க தோஷம், பேயிங் கெஸ்ட்னு சொல்லிட்டான். எந்த ஆஸ்பத்திரியிலயும் நோயாளிக்கு பேயிங் கெஸ்ட் காவல் இருந்ததா நான் கேள்விப்பட்டதில்லை. ஆனா முதல் நாள் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தது யாதகிரிதான். அவரோட மாத்திரை நேரம் வந்ததும் டப்பாவை எடுத்தாரு, எனக்கும் ஒரு மாத்திரை நேரம் வந்துச்சு, ரெண்டு பேரும் ஒரே பாட்டில் தண்ணியில முழுங்கினோம்.

எட்வின் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவங்க ஜொன்ன ரொட்டியிலயே வளந்தேன். இன்சுலின் ஊசியை நானே தொப்புளுக்குப் பக்கத்துல குத்திக்கக் கத்துக்கிட்டேன். பார்வை சட்டுன்னு சரியாகலை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஓரம் திரும்பி வந்துச்சு. முதல்ல எட்வின் முகத்துச் சுருக்கம் வந்துச்சு. அப்புறம் எதிர்வீட்டு அம்மா மாடியிலேருந்து எங்களையே பாத்துக்கிட்டு இருக்கறது தெரிஞ்சுது. அந்தத் தெரு ஒரு வார்த்தை கேக்கலையே தவிர, எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

கிளம்பறதுக்கு முந்தின சாயங்காலம் மறுபடியும் ஏரிக்கரை. விளக்கு ஏத்தினாங்க. பல்பு, பல்பாவே இருந்துச்சு. புத்தர் முடிஞ்ச இடத்துல முடிஞ்சாரு. தண்ணியில பிளாஸ்டிக் பை மிதந்துச்சு, நாத்தமும் நல்லா அடிச்சுது. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல சோளம் வாங்க நின்ன ரெண்டு பேருல ஒருத்தரு, இன்னொருத்தருக்கு நல்லா வெந்த பக்கமாப் பாத்துத் திருப்பிக் குடுத்தாரு. யாரும் பாக்கலைன்னு நெனச்சு உள்ளங்கையை ஒரு தடவை தொட்டுக்கிட்டாங்க. எட்வினும் யாதகிரியும்தான். அதை ஓரத்தோட, தெளிவாப் பாத்தேன்.

அந்தத் தெம்புல அக்காவுக்குப் போன் போட்டேன். ரெண்டு விஷயம் சொல்லணும்னேன். முதல்ல சுகரைச் சொன்னேன். அப்பாவுக்கு வந்ததுதானேன்னு மட்டும் கேட்டா, குரலு உடைஞ்சிருந்துச்சு. அப்பவே வாயை மூடியிருக்கலாம். மூடலை. மாநாடெல்லாம் இல்லை, எட்வின்னு ஒரு சிநேகிதன் வீட்டுல இருக்கேன்னேன். எந்த டெஸ்ட்டுக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேன்னு சொன்னேன். ஏன் அந்தப் பயம்னும் சொன்னேன். எத்தனையோ பொண்ணு பாத்தியே, எதுக்கும் நான் தலையாட்டலையே, அதான் காரணம்னும் சொன்னேன். ஒரு ஜோக்கும் இல்லாம நான் அவகிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்லை.

முழுக்கக் கேட்டுட்டு, அந்த எட்வின் பக்கத்துல இருக்கானா, போனை அவன்கிட்ட குடுன்னா.

அவன் எழுந்து நின்னு பேசினான், மேலதிகாரிகிட்ட பேசற மாதிரி. எனக்குக் கேட்டதெல்லாம் இவன் பக்கம் மட்டும்தான். ஹவ் அக்கா. ஹவ் அக்கா. இல்லக்கா, டபுள் கா மீட்டா ரெண்டு தட்டு. ஹவ், அன்னிக்கே குபானியும். என்னைப் பாக்காமயே போனை என் கையில திணிச்சான்.

"நீ யாரோட வேணா இரு"ன்னா அக்கா. "அப்பா காலை டாக்டர் எடுத்தாரு. இன்னொரு தடவை அந்த டபுள் கா மீட்டாவைத் தொட்டேன்னு எட்வின் சொல்லட்டும், உன் காலை நானே எடுத்துருவேன்."